காளையின் விந்தை உறைய வைத்துவிட்டால் ஆலம்பாடிப் பட்டியை விற்றுவிடலாமா?

பென்னாகரம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவின் பட்டியில் முப்பது சொச்சம் ஆலம்பாடி இன நாட்டு மாடுகள் நிற்கின்றன, மேய்க்க ஆள் கிடைப்பதில்லை, காட்டுக்குள் ஓட்டவும் முன்போல முடிவதில்லை. மரபணு வங்கி என்று ஒன்று இருக்கிறது, அதில் விந்தை உறைய வைத்துவிட்டால் எந்தக் காலத்திலும் அந்த இனத்தை மீட்டுக்கொள்ளலாம் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். "அப்படியானால் எங்கள் காளையின் விந்தைக் கொடுத்துவிட்டுப் பட்டியைக் கலைத்துவிடலாமா?" என்பது நீங்கள் எழுதிய கேள்வி. எனக்குக் காதில் விழுந்தது வேறொன்று: மனம் உறுத்தாமல் விற்க முடியுமா என்று கேட்கிறீர்கள். அந்த உறுத்தல் நியாயமானது என்பதால்தான் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பல வருடங்கள் சினை ஊசி போட்டவன், உறைவிந்து ஆய்வகத்திலும் வேலை பார்த்தவன். இனப்பெருக்கம் என் துறை. இனத்தொகை மரபியல் என் துறை இல்லை. அதனால் கீழே வரும் கணக்குகளெல்லாம் பாடநூல் சூத்திரங்களில் போட்டவை. அந்தத் துறைக்காரர் உட்கார்ந்தால் இன்னும் நுணுக்கமாகப் போடுவார். ஆய்வகத்திலும் தொழுவத்திலும் நடப்பது பற்றிச் சொல்வதை மட்டும் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

முதலில் உறுதியான செய்தி. உறைய வைத்த விந்து நெடுங்காலம் உயிரோடு இருக்கிறது; இதில் சந்தேகம் வேண்டாம். 1949இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்ற மூவர், கிளிசரின் சேர்த்தால் உறைநிலையிலும் விந்தணு சாகாது என்று சேவல் விந்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். சில வருடங்களிலேயே உறைவிந்தில் கன்று பிறந்தது. இன்று திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 பாகை செல்சியஸில் வைக்கிறோம். அந்தக் குளிரில் உயிர்வேதி மாற்றம் எதுவும் நடப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 1968இல் உறைய வைத்த மெரினோ கிடாவின் விந்தை ஐம்பது வருடங்கள் கழித்து எடுத்து 56 பெட்டை ஆடுகளுக்குச் செலுத்தினார்கள். 34 சினை பிடித்தன. நூற்றுக்கு 61. அப்போது புதிதாக உறைய வைத்த விந்துக்குக் கிடைத்ததும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆகவே விந்தை அடைத்து உறைய வைக்கும் மெல்லிய குழலை நாங்கள் குச்சி என்போம்; உங்கள் பேரன் காலத்திலும் அந்தக் குச்சி வேலை செய்யுமா என்றால், நைட்ரஜன் தீராமல் யாராவது பார்த்துக்கொண்டால் செய்யும்.

அந்த 'யாராவது' என்ற சொல் சும்மா வரவில்லை. கேழ்வரகு விதையைக் காயவைத்துக் குளிரில் போட்டால் அது தன்பாட்டுக்குக் கிடக்கும். அதனால்தான் நார்வே நாட்டின் ஸ்வால்பார்டில் மலையைக் குடைந்து உலக நாடுகளின் விதைகளை வைக்க முடிந்தது. கால்நடைக்கு அப்படி ஓர் இடம் உலகில் எங்கும் இல்லை. திரவ நைட்ரஜன் ஒவ்வொரு நாளும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மின்சாரம் வேண்டாம், ஆனால் நைட்ரஜன் ஏற்றிய வண்டி தவறாமல் வரவேண்டும், அளவுகோலை விட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். 2018 மார்ச் மாதத்தில் அமெரிக்காவில் மனிதக் கருக்களைச் சேமித்த இரண்டு மையங்களில் கொள்கலன் பழுதாகி ஆயிரக்கணக்கான கருமுட்டைகளும் கருக்களும் சேதமாயின. அதுவும் ஒரே நாளில். பணத்துக்குக் குறைவில்லாத இடங்களிலேயே இந்த நிலை என்பதால்தான் ஒரே இனத்தின் சேமிப்பை இரண்டு ஊர்களிலாவது பிரித்து வைக்கச் சொல்கிறார்கள். நம் ஊர் அனுபவத்தில் கெடுதல் இன்னும் சாதாரணமாக நடக்கும்: குச்சியைத் தேடுகிறேன் என்று கொள்கலனின் கழுத்துக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். திரும்ப உள்ளே இறக்கினால் பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். மைனஸ் 130க்கு மேல் சூடேறி இறங்கிய குச்சியில் பனிப்படிகங்கள் மறுபடி வளர்ந்து விந்தணுவைக் கிழித்திருப்பது, மாடு சினை நிற்காதபோதுதான் தெரியும்.

இந்தியாவில் இந்த வேலைக்கான தேசிய நிறுவனம் ஹரியானாவின் கர்னாலில் இருக்கிறது: தேசிய விலங்கு மரபியல் வளங்கள் பணியகம். 1984இல் பெங்களூரில் தொடங்கிக் கர்னாலுக்குப் போனது. நாட்டு மாடு, எருமை, ஆடு என்று பல இனங்களின் உறைவிந்து அங்கே தேசிய மரபணு வங்கியில் இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே, காரிமங்கலத்தில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆலம்பாடி மாட்டின ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நீங்கள் முதலில் ஏறவேண்டிய படி அதுதான், கர்னால் இல்லை.

இனி சிக்கலுக்கு வருகிறேன். விந்து வங்கி காளையை மட்டுமே வாங்கிக்கொள்கிறது. உங்கள் பட்டியில் ஈடு செய்ய முடியாதது பசு. ஒரு காளையிடமிருந்து ஆயிரக்கணக்கான குச்சிகள் எடுக்கலாம், 0.25 மில்லி குச்சி ஒன்றுக்கு 2 கோடி விந்தணு போதும். ஆனால் அந்தக் குச்சியைச் செலுத்த ஆலம்பாடிப் பசு இல்லையென்றால் என்ன செய்வது? வேறு இனத்துப் பசுவில் செலுத்தவேண்டும். பிறக்கும் கிடாரியில் ஆலம்பாடி இரத்தம் பாதி. அதற்கு மறுபடி ஆலம்பாடிக் குச்சி, முக்கால். இப்படியே ஐந்து தலைமுறை போனால் 96.9 விழுக்காடு வரும். காகிதத்தில் அழகான கணக்கு. நாட்டுக் கிடாரி முதல் கன்று போட நான்கு வயதாகிவிடும் என்பதால், ஐந்து தலைமுறை என்பது இருபது வருடங்களுக்குக் குறையாது. அந்த இருபது வருடமும் பாலும் தராமல், உழவும் இல்லாமல், அந்தக் கலப்பு மாடுகளுக்குத் தீவனம் போட ஓர் அரசோ அறக்கட்டளையோ வேண்டும். குச்சிக் கணக்கும் பாருங்கள். பத்து ஊசி போட்டால் நான்கு சினை நிற்கும் என்று வைத்தாலும், அதில் பாதி காளைக்கன்று. ஒரு கிடாரிக்கு ஐந்து குச்சி. வளரும்போது சாவது, மலடாவது எல்லாம் கழித்தால் ஆறு ஏழு. நூறு கிடாரி வேண்டுமென்றால் ஒரு தலைமுறைக்கே அறுநூறு எழுநூறு குச்சிகள். அப்பனையே மகளுக்குப் போடக்கூடாது என்பதால் காளைகளைக் குழுக்களாகப் பிரித்து, தலைமுறைக்குத் தலைமுறை சுற்றில் விடவேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் ஒன்று திரும்பாது. உயிரணுவின் ஆற்றல் கூடங்களான மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி மரபணு உண்டு. அது தாய்வழியாக மட்டும் வருகிறது. கர்நாடகத்து இனமான ஹல்லிகர் பசுவில் ஆலம்பாடி விந்தை ஐந்து தலைமுறை செலுத்தினாலும், ஐம்பது தலைமுறை செலுத்தினாலும் அந்தப் பகுதி ஹல்லிகராகவே இருக்கும். இது மாட்டின் குணத்தில் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கும் விஷயம். பெரிதாக ஒன்றுமில்லை என்பாரும் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய கவலை, கன்று எங்கே பதுங்கும், எந்தத் தழையைக் கடிக்கலாம், செந்நாய் வாடை அடித்தால் எப்படிக் கூடி நிற்பது என்பதையெல்லாம் தாய்ப்பசுவின் பின்னால் நடந்து கற்கிறதே, அதைக் குச்சியில் அடைக்க வழியில்லை என்பது.

நியூசிலாந்தின் தெற்கே எண்டர்பி என்று ஒரு குட்டித் தீவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுபோய் விட்ட மாடுகள் அங்கே தாமாகப் பெருகிக் காட்டு மாடுகளாகிவிட்டன. கடற்பாசியைத் தின்று வாழப் பழகியிருந்தன. தீவின் இயற்கைத் தாவரங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 1990களின் தொடக்கத்தில் அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். கொன்ற காளைகளிடமிருந்து விந்து எடுத்து உறைய வைத்தார்கள். விந்து இருந்தது, பசு இல்லை. பிறகு தேடியபோது தப்பிப் பிழைத்த ஒரே ஒரு பசு கிடைத்தது. அதற்கு 'லேடி' என்று பெயர் வைத்து, அந்த உறைவிந்தைப் பயன்படுத்த முயன்று, இயல்பாகப் பெருக்க முடியாமல், கடைசியில் 1998இல் அதன் உயிரணுவிலிருந்தே நகலாக்கம் (குளோனிங்) செய்தார்கள். ஒற்றைப் பசுவை வைத்து ஓர் இனத்தை இழுத்துக்கொண்டு வர ஒரு நாட்டின் முதன்மையான ஆய்வகம் பாடுபட வேண்டியிருந்தது. லேடி அகப்படாமல் போயிருந்தால் அந்த விந்துக் குச்சிகளின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

கேரளத்து வெச்சூர் மாட்டின் கதை வேறு. 1989 வாக்கில் அது அழிந்தே போய்விட்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் வைக்கம் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகத் தேடி, கலப்பு ஏறாத சில மாடுகளைக் கண்டுபிடித்துச் சேர்த்தார்கள். ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் விற்காமல் வைத்திருந்த பசுக்கள் அவை. இனம் மீண்டது அவற்றிலிருந்துதான். அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் பசுக்களை வைத்திருந்தவர்களுக்கும் பாதி கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

பசுவின் பங்கையும் உறைய வைக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், கருவை உறைய வைத்தால் தாய்வழி, தந்தைவழி இரண்டும் அதில் அடங்கும், வேறெந்தப் பசுவின் வயிற்றிலும் வளர்த்து ஒரே தலைமுறையில் முழு ஆலம்பாடியைப் பெறலாம். உறைய வைத்த கருவிலிருந்து முதல் கன்று 1973இலேயே பிறந்துவிட்டது. ஆனால் அதற்குப் பசுவுக்கு நாள் தவறாமல் ஹார்மோன் ஊசி போட்டு, ஒரே பருவத்தில் பல முட்டைகளை விடச் செய்து, சினைப்படுத்தி, ஏழாம் நாள் கருப்பையைக் கழுவிக் கருக்களை எடுக்கவேண்டும். பட்டி மாட்டைப் பற்றித் தெரிந்த உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: கயிறே காணாத பசுவை ஒரு நாளைக்கு இரண்டு வேளை பிடித்து ஊசி போடுவது என்றால் என்ன ஆகும்? பழக்கிய பசுவாக இருந்தாலும் எவ்வளவு கரு கிடைக்கும் என்பது பசுவுக்குப் பசு மாறும். சில பசுக்கள் ஒன்றும் தராது. செலவும் விந்தோடு ஒப்பிடவே முடியாத அளவு. காது மடலில் சிறு துண்டு எடுத்து உயிரணுக்களை வளர்த்து உறைய வைப்பது இன்னொரு வழி. எடுப்பது மிக எளிது, காளை பசு வேறுபாடு இல்லை. அதிலிருந்து உயிருள்ள கன்றைக் கொண்டுவர நகலாக்கம்தான் வேண்டும். கர்னாலில் தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனம் 2009இல் எருமைக் கன்றையும், 2023இல் கிர் பசுக்கன்றையும் நகலாக்கம் செய்து காட்டியது. ஆகவே நம் நாட்டில் நடக்காத காரியமில்லை. ஒரு கன்று பிறக்கவைப்பதற்கும் ஓர் இனத்தை நிற்கவைப்பதற்கும் இடையிலுள்ள தூரம் மட்டும் அப்படியே கிடக்கிறது. காது மடல் சேமிப்பை நான் ஆதரிக்கிறேன், அதை நம்பிப் பசுவை விற்கச் சொல்லமாட்டேன்.

அப்படியானால் விந்து வங்கி எதற்கு என்று சலித்துக்கொள்ளாதீர்கள். உயிரோடிருக்கும் மந்தைக்குத் துணையாக நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும். அமெரிக்காவின் ஹோல்ஸ்டீன் மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இலட்சக்கணக்கில் மாடு இருக்கிறது, அழியும் இனமென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சில காளைகளின் விந்தையே நாடு முழுவதும் போட்டுப் போட்டு, இன்றைய காளைகள் அனேகமாக எல்லாமே 19ஆம் நூற்றாண்டில் பிறந்த இரண்டே காளைகளின் ஆண்வழி வாரிசுகள் என்ற நிலை வந்துவிட்டது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மரபணு வங்கியில் கிடந்த பழைய குச்சிகளைத் தேடி, மறைந்துபோன வேறு ஆண்வழிகளைக் கண்டெடுத்து, இன்றைய பசுக்களில் செலுத்திப் புதிய காளைகளைப் பெற்றார்கள். பசு மந்தை உயிரோடிருந்ததால் ஒரே தலைமுறையில் காரியம் முடிந்தது.

ஆலம்பாடிக்கும் இதே ஆபத்து இப்போதே இருக்கிறது. எண்ணிக்கை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். சுற்று வட்டாரத்தில் 300 பசுக்கள் இருந்து, பொலிக்கு 5 காளைகள்தான் என்றால், மரபியல் கணக்கில் அது வெறும் 20 மாடுகள் உள்ள மந்தைக்குச் சமம். தலைமுறைக்கு 2.5 விழுக்காடு நெருங்கிய உறவுக் கலப்பு ஏறும். காளை 25 ஆனால் அதே 300 பசுக்களுக்குக் கணக்கு 92க்கு உயர்கிறது. உறவுக் கலப்பு அரை விழுக்காட்டளவுக்கு இறங்கிவிடும். உலக உணவு வேளாண்மை அமைப்பு, தலைமுறைக்கு 1 விழுக்காட்டைத் தாண்டவிடாதீர்கள் என்கிறது. ஊருக்கு ஊர் காளை தட்டுப்பாடு ஏற்பட்டிருக்கும் இந்தக் காலத்தில், ஒன்றுக்கொன்று உறவில்லாத காளைகளின் குச்சிகள் கையில் இருந்தால் பட்டிகளுக்கிடையே இரத்தத்தை மாற்றிவிட முடியும். என்னைக் கேட்டால், கர்னாலில் பத்திரமாகக் கிடப்பதைவிடப் பென்னாகரத்திலும் அஞ்செட்டியிலும் ஊசி போடுபவரின் கொள்கலனில் ஆலம்பாடிக் குச்சி தட்டாமல் கிடைப்பது முக்கியம். இன்று ஜெர்சிக் குச்சி கிடைக்கும் சுலபத்தில் அது கிடைக்கவேண்டும்.

உங்கள் காளையைக் கொடுக்க முடியுமா என்ற கேள்விக்கு நேரான பதில்: கொடுக்கலாம், ஆனால் நீங்கள் நினைப்பதுபோல ஒரு நாள் வேலை இல்லை. உறைவிந்து நிலையத்துக்குள் போகும் காளைக்குக் காசநோய், ஜோன் நோய், கருச்சிதைவு நோயான புருசெல்லோசிஸ் முதலான பரிசோதனைகள் உண்டு. தனித்து வைத்துக் கண்காணிப்பார்கள். ஒரே காளையின் விந்து ஆயிரம் பசுக்களுக்குப் போகும் என்பதால் அதில் ஒரு கிருமி இருந்தால் ஆயிரம் தொழுவத்துக்கும் பரவும்; கறாராக இருப்பது சரிதான். அதன்பிறகு செயற்கைப் பிறப்புறுப்பில் விந்து விடக் காளையைப் பழக்கவேண்டும். மனித வாடைக்கே மிரளும் பட்டிக் காளைக்கு மாதக்கணக்கில் ஆகலாம். சில காளைகள் பழகவே பழகா. இளங்காளையாக இருந்தால் வாய்ப்பு அதிகம். பழகாததற்கு மின்தூண்டல் முறையில் எடுக்கலாம், தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழியும் உண்டு. திடீரென்று செத்துப்போன நல்ல காளையின் விதையிலிருந்தும், அறுவை செய்து எடுத்த விதையிலிருந்தும் உயிருள்ள விந்தணுவைப் பிரித்து உறைய வைக்கலாம். விதையைப் பையோடு எடுத்து, நெகிழி உறையில் கட்டி, பனிக்கட்டி நேராகப் படாமல் துணி சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்த்தால் போதும். வாயகன்ற இடுக்கியால் நரம்பை நசுக்கிக் காயடித்துவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடும். தொற்றுநோயில் செத்த காளைக்கு இது பொருந்தாது, அதைத் தொடவே வேண்டாம். முன்கூட்டியே ஆராய்ச்சி மையத்தில் பேசி வைத்திருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். செத்தபிறகு தொலைபேசி எண் தேடினால் நேரம் தீர்ந்துவிடும்.

உங்கள் ஒரு காளையால் ஆவது கொஞ்சம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் இனத்தின் விந்துச் சேமிப்புக்கு உறவில்லாத காளைகள் 25ஆவது வேண்டும் என்பது பொதுவான அளவு. ஒரே பட்டியில் நிற்கும் நான்கு காளைகள் அண்ணன் தம்பியாக இருந்தால், அவை ஒன்றுக்கு மேல் கணக்கில் ஏறா. அதனால் உங்கள் பட்டி, ஒகேனக்கல் பக்கத்துப் பட்டி, நாட்றாம்பாளையம் பட்டி என்று பரவலாக எடுக்கவேண்டும். எந்தக் காளை எந்தப் பட்டியில் பிறந்தது, அதன் தாய் எது, எந்த ஊரிலிருந்து வாங்கியது என்று உங்கள் அப்பாவுக்கு மனப்பாடமாக இருக்கும். குச்சியோடு அந்தத் தகவல் சேர்ந்தால்தான் குச்சிக்கு மதிப்பு. அவரை உட்காரவைத்து ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள்.

சந்தேகத்துக்குரிய ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. ஆலம்பாடி தனி இனமா, ஹல்லிகரின் கிளையா என்ற பேச்சு வெகுகாலமாக இருக்கிறது. பழைய வகைப்பாட்டில் ஹல்லிகர், அமிர்தமகால், பர்கூர், ஆலம்பாடி எல்லாமே 'மைசூர் வகை' என்ற ஒரே குடும்பத்தில்தான் வருகின்றன. நெற்றி துருத்தி, முகம் நீண்டு, கொம்பு பின்வாங்கி நிற்பது பொதுச் சாயல். ஆலம்பாடி ஊரே இன்று காவிரிக்கு அக்கரையில் கர்நாடகத்தில் கிடக்கிறது. 1956 வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் ஜில்லாவில்தான் இருந்தது. மாநில எல்லை மாட்டுக்குத் தெரியாது. ஓசூர், தளி பக்கம் ஹல்லிகர் காளையும் ஆலம்பாடிப் பசுவும் கலந்தே வந்திருக்கின்றன. அதனால் சேமிக்கும்போது 'தோற்றம் சரியாக இருக்கிறது' என்பதோடு நிறுத்தாமல் இரத்த மாதிரியில் மரபணுப் பரிசோதனையும் செய்வது நல்லது. தனி இனமா கிளையா என்ற வழக்கு தீரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. கல்லும் முள்ளுமான சரிவில், வெறும் காட்டுத் தழையில் உடம்பை நிறுத்தும் மாடு அது. பெயர்ப்பலகை எதுவானாலும் அந்தக் குணம் போனால் போனதுதான்.

'வெளியார் எடுத்துக்கொண்டு உரிமை கொண்டாடினால்?' என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் இருக்கிறது. தேசிய பல்லுயிர்ப் பெருக்க ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. உள்ளாட்சி அளவில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. உங்கள் ஊராட்சிப் பதிவேட்டில் ஆலம்பாடி மாடும் பட்டிக்காரர்கள் பெயரும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏறவில்லை என்றால் மனு கொடுங்கள். விந்தோ இரத்தமோ கொடுக்கும்போது எதற்காக, யாருக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் உங்கள் பக்கம் சேலம் கருப்பு வெள்ளாடு நிறைய என்பதால் ஒரு வார்த்தை. வெள்ளாட்டுக் கிடாவின் விந்தை உறைய வைப்பது மாட்டைவிடச் சிரமம். உறையவைக்கும் கரைசலில் நாம் சேர்க்கும் முட்டை மஞ்சள் கருவோடு கிடாவின் விந்துநீரிலுள்ள ஒரு நொதி சேர்ந்து விந்தணுவையே கெடுத்துவிடும். கழுவிப் பிரித்து உறைய வைக்கவேண்டும். செம்மறியில் கருப்பை வாய் வளைந்து வளைந்து போவதால் உறைவிந்தை வயிற்றில் துளையிட்டு நேராகக் கருப்பைக்குள் விடவேண்டியிருக்கிறது. கோழியில் விந்து உறைந்து மீண்டாலும் சினைப்பிடிப்பு மிகக் குறைவு. அதனால் ஆடு, கோழிக்கு வங்கியை நம்புவது இன்னும் கடினம்; வளர்ப்பவர் கையில்தான் அவை பிழைக்கும்.

இப்போது விற்பனைக்கு வருகிறேன். விற்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. டிராக்டரும் மோட்டாரும் வந்தபிறகு அந்த மாட்டின் வேலையே போய்விட்டது. சாணமும் காளைக்கன்றும்தான் மிச்ச வருமானம். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் முதலில் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்து, அதே மாதம் அதைத் திருத்தித் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகங்களோடு நிறுத்தியது. அதே வருடம் நவம்பரில் நம் இரண்டு மாவட்டக் காடுகளில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. காட்டைக் காப்பதற்கு நான் எதிரியில்லை. ஆனால் மேய்ச்சல் நிலத்தை மூடிவிட்டு மாட்டின் விந்தைக் கர்னாலில் காப்பது என்பது ஒரு கை செய்வதை மறு கை அழிப்பது. வன உரிமைச் சட்டம் 2006 மேய்ச்சல் உரிமையையும் அங்கீகரிக்கிறது; உங்கள் கிராமசபை அந்த உரிமையைக் கோரி விண்ணப்பித்திருக்கிறதா என்று விசாரியுங்கள்.

விற்றே ஆகவேண்டும் என்றால் வரிசை முக்கியம். முதலில் காரிமங்கலம் மையத்தில் சொல்லி, பட்டி கலையும் முன்பே எல்லா மாடுகளின் இரத்த மாதிரி, காது மடல் மாதிரி எடுக்கக் கேளுங்கள். காளைகளில் இளையதைப் பழக்க முடியுமா என்று அவர்கள் பார்க்கட்டும். எருது விடும் விழாவுக்குக் காளை தேடி வருபவர் நல்ல விலை கொடுப்பார், காளைக்கு அது கெட்ட இடமும் இல்லை. பசுக்களைச் சந்தையில் தரகர் கையில் பிடித்துக் கொடுக்காதீர்கள். அங்கே பால் இல்லாத பசுவுக்கு ஒரே ஒரு வாங்குபவர்தான் உண்டு, அது யார் என்று உங்களுக்கும் தெரியும். அஞ்செட்டி, பென்னாகரம் வட்டாரத்தில் இன்னும் பட்டி வைத்திருப்பவரிடம் கிடாரிகளோடு சேர்த்துக் கொடுங்கள், ஐந்தாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை. மொத்தமாக ஒருவருக்கே கொடுக்காமல் இரண்டு மூன்று பட்டிகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் நோய் வந்தாலும் ஒரேயடியாகப் போகாது. நான்கு கிடாரிகளையாவது வீட்டுத் தொழுவத்தில் கட்டிவைக்க முடிந்தால், அவற்றுக்குத் தீவனச்செலவு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு இங்கேயே எழுதுங்கள். சோளத்தட்டு, ராகித்தாள் விலையை வைத்து எங்கே குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.